பழுப்பு நரம்பும் சித்தியின் குடையும்

"சித்தி, குடையை எடு."

"எடுக்க மாட்டேன். வெயில் மண்டையைப் பிளக்குது. நீ மயங்கி விழுந்தா உங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

இசார்பேவுக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. அந்தக் காய்ந்த புல்சரிவில் அவள் எங்கே போனாலும், ஒப்துலியா சித்தி கறுப்புக் குடையோடு பின்னாலேயே வந்தாள்.

கீழே பாதையில் டிராக்டர் நின்றது. அதன்மேல் உட்கார்ந்து பெலார்மினோ மாமா ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஸ்பெயினின் அரகோன் பகுதிக் கோடையில் ஒரு தீப்பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும். அதனால் ஊரைச் சுற்றிப் புல்லை வெட்டுவது அவர் வேலை.

"மாமா, மேல் சரிவை மட்டும் விட்டுடுங்க. அங்க பழுப்பு நரம்பு வண்ணத்துப்பூச்சி இருக்கு. அதோட புழுவுக்கு இந்தப் புல்லுதான் சாப்பாடு" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

"கறுப்பு வெள்ளைப் பூச்சிதானே? எங்க கொல்லையில கூடத்தான் பறக்குது. இது வேற வகைன்னு படம் எடுத்துக் காட்டு, பாதையோரத்தோட நிறுத்திக்கறேன். மத்தியான ரொட்டி தீர்றவரைக்கும்தான் பார்ப்பேன்."

ரொட்டியில் பாதி போய்விட்டது.

இதோ, முள்பூவில் ஒன்று சிறகு விரித்து உட்கார்ந்திருந்தது. இசார்பே அம்மாவின் கைபேசியை நீட்டினாள். குடையின் நிழல் விழுந்தது. பூச்சி பட்டென்று சிறகை மூடிக்கொண்டது.

"ஐயோ சித்தி! உன்னோட பெரிய தொல்லை!"

சித்தியின் முகம் சுருங்கியது. "தொல்லையா? சரிம்மா. நான் போறேன்." விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

அப்பாடா! வெயில் பட்டதும் சிறகு விரிந்தது. ஆனால் அதில் கறுப்பும் வெள்ளையும்தான். பழுப்பு எங்கே? இசார்பே பதறிப்போய்ப் பையிலிருந்த வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். படத்தில் இருந்த பூச்சி சிறகை மூடியிருந்தது. பழுப்புக் கோடுகள் அடிப்பக்கத்தில் இருந்தன. காலையிலிருந்து மேல்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

அவள் கீழே ஓடினாள்.

"சித்தி, குடையோட வா."

"இப்ப மட்டும் நான் தொல்லை இல்லையா?"

"நான் சொன்னது தப்பு சித்தி. உன் நிழல் இல்லாம அது சிறகை மூடாது. வாயேன்."

சித்தி முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்து குடையைச் சாய்த்தாள். சிறகுகள் மூடின. அடிப்பக்கம் முழுக்க மெல்லிய பழுப்பு நரம்புகள். இசார்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள்.

பெலார்மினோ மாமா கடைசித் துண்டை வாயில் வைத்தபடியே கைபேசியையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு டிராக்டரைப் பாதையோரத்துக்குத் திருப்பினார்.

இசார்பே மேலே பார்த்தாள். சித்தி இன்னும் அந்த முள்பூவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, வேலை முடிஞ்சிருச்சு. வா போகலாம்."

"நீ போ. எவ்வளவு வெயிலு! இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் இதோட அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"