பொதுச்சுவர்

சுவர் மட்டும் வியர்த்திருந்தது. தரை காய்ந்து கிடந்தது, ஜன்னல் கம்பிகளில் ஈரமில்லை, கொடியில் போட்ட துண்டுகூட மொறமொறவென்று இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டோடு ஒட்டிய அந்த ஒரு சுவரில், நெஞ்சுயரம்வரை அடித்திருந்த பச்சை ஆயில் பெயிண்டின் மேல், கட்டிலில் படுத்தால் முகம் வரக்கூடிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. சுகாதாரத் துறை ஆய்வாளர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தபோது ஆவி மறுபடியும் படிந்திருந்தது.

பழைய கட்டடம், ஓதம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்க்கை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு ஆயுசு சொல்வார்கள். மற்ற இடங்களைவிட இங்கே மூச்சு நோய் பல மடங்கு அதிகம் என்று ஆஸ்பத்திரிக் கணக்கு சொன்னதால், காரணம் என்னவென்று பார்க்க அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. காலியாகக் கிடந்த ஒரு வீட்டை அலுவலகமாக ஒதுக்கித் தந்தார்கள். ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் சின்னச் சின்ன டப்பாக்களில் பிடித்துச் சீட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குடியிருப்பில் அவருக்கு 'டப்பா சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அனுப்பிய டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: குறையொன்றும் இல்லை.

இப்படி எத்தனையோ குடியிருப்புகளைப் பார்த்தவர். முதலில் சில வருடம் வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்காமல் கிடந்தார். பிறகு அது மரத்துப்போனது. துக்கம் விசாரிக்கிற குரலும் காய்கறி விலை விசாரிக்கிற குரலும் அவருக்கு ஒன்றாகிவிட்டிருந்தன.

பக்கத்து வீட்டில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு நாள் முழுக்கக் கேட்கும்: இழுக்கும்போது துருப்பிடித்த கதவுக் கீலைத் திறப்பது போல, விடும்போது மணலைச் சரிப்பது போல. இரண்டொரு நாளில் ஆய்வாளர் அதற்குப் பழகிப்போனார், மின்விசிறிச் சத்தத்துக்குப் பழகுவது போல.

பட்டறைக்காரரின் மனைவி வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

"எங்கள வேற எடத்துக்கு மாத்திருவாங்களா சார்?"

"பாக்கலாம்மா. ரிசல்ட் வரட்டும்."

"அதுக்குள்ள இவரு தாங்குவாரா?"

"பாக்கலாம்மா."

ஒரு மதியம் ஆம்புலன்ஸ் வந்து பட்டறைக்காரரைத் தூக்கிக்கொண்டு போனது. வழியிலேயே முடிந்துவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னார். ஆய்வாளர் தலையை ஆட்டிவிட்டு மிச்சமிருந்த டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லயே."

"இல்ல, யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடற மாதிரி கேக்குது. நோயாளிகள ரொம்பக் கிட்ட வச்சுக்காதீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்தார். கீல் திறந்தது. மணல் சரிந்தது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை என்பதும், ஆம்புலன்ஸ் போன பிறகும் இவ்வளவு நேரம் அதைக் கேட்டபடியேதான் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வராததால் துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். படுக்கையறையில் கட்டில் வெறுமையாக இருந்தது, மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள், மருந்து நெடி மட்டும் போகவில்லை. பட்டறைக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்து சுவரில் கன்னத்தை வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. கண் காய்ந்திருந்தது.

"உங்களுக்கும் கேக்குதா சார்?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"எனக்குத்தான் புத்தி பெரண்டுபோச்சோன்னு பயந்துட்டேன். கேக்குதுல்ல?"

"ஓதம் ஏறின சுவரும்மா. உள்ள குழாய் கிழாய் போகும்."

"பதினெட்டு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன் சார். எனக்குத் தெரியாதா?" என்றவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எடம் மாத்தச் சொல்லிக் கேட்டேன்ல, அத விட்ருங்க. இவர இங்க விட்டுட்டு நான் எங்க போறது? இங்க யாரும் போகமாட்டாங்க சார். எல்லா வீட்லயும் யாராச்சும் இருக்காங்க."

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வண்டியில் வந்த செவிலியரைக் கூட்டிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். போன வாரம் மூச்சிரைத்து நீலம் பூத்துக் கிடந்த சிறுமி அங்கே இருந்தாள். இப்போது முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"நல்லாயிட்டா சார். எவ்வளவு ஓடினாலும் மூச்சே வாங்கறதில்ல."

சிறுமி ஓடி வந்து நின்றாள். நெற்றியில் வேர்வை. காலில் செம்மண். மார்பு அசையவில்லை. செவிலியர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார், இடம் மாற்றி வைத்தார், முதுகில் வைத்தார், காதிலிருந்து கழற்றித் தட்டிப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சு போல சார். ஒண்ணுமே கேக்கல."

ஆய்வாளர் மெதுவாக அறைக்குள் போய்ச் சுவரில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே குட்டி மூச்சு ஒன்று வேக வேகமாக இரைத்துக்கொண்டிருந்தது, அப்போதுதான் ஓடி நின்றது போல.

கையை எடுத்தார். "சிஸ்டர், நீங்க வண்டில ஏறுங்க. டிரைவரையும் ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றார். குடியிருப்பை இன்றைக்கே காலி செய்தாக வேண்டும், பிடிவாதம் பிடிப்பவர்களைப் போலீசை வைத்தாவது வெளியேற்ற வேண்டும், காரணம் கேட்டால் ஏதாவது ஒரு விஷவாயுவின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே, பையை எடுக்க அலுவலக வீட்டுக்கு நடந்தார். இருபுறமும் வாசல்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் யாரோ ஒருவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறை முழுக்க ஈர வாடை. பச்சைப் பெயிண்டில் ஆவி இப்போது ஒரு இடத்தில் இல்லை. இரண்டு இடத்தில். ஒன்று தாழ்ந்து, கட்டில் உயரத்தில். இன்னொன்று மேசைக்குப் பக்கத்தில். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில்.

காதை வைத்தார்.

கீல் திறந்தது. மணல் சரிந்தது. அதற்கும் அடியில் வேறொன்று. நிதானமாக. சீராக. நோயில்லாத ஆளின் மூச்சு.

எப்போது கடைசியாக மூச்சு விட்டோம் என்று யோசித்தார். நினைவு வரவில்லை. யார்தான் அதை நினைவு வைத்துக்கொள்வார்கள்.

வாயை மூடினார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு முட்டும், கண் இருட்டும் என்று காத்திருந்தார்.

முட்டவில்லை.

காத்திருந்தார்.

இருட்டவில்லை. விரல்கள் மூக்கில். நெஞ்சு கல். சுவர் மட்டும் இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. ஆவி விரிந்தது, சுருங்கியது.

வெளியே வண்டி உறுமியது. டிரைவர் ஹாரனை ஒருமுறை அடித்தார்.

"சார், கெளம்பலாமா?"

வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சொல்லைத் தள்ள உள்ளே காற்று இல்லை.

சுவர் தொண்டையைச் செருமிக்கொண்டது.