எங்கள் வீட்டு ஹைப்பரும் ஹைப்போவும்

“ஹைப்பர்னா கம்மி!” என்றாள் அம்மா.

“அய்யோ அம்மா! ஹைப்பர்னா அதிகம். ஹைப்போனாதான் கம்மி!” நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. அர்த்தம் மட்டும் நேர் எதிர். இங்கிலீஷ்ல வேற வார்த்தையே கெடைக்கலையாமா?”

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. மறுநாள் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் நர்ஸுக்கு உதவியாளர் ஆகிவிடலாம். போன தடவை இந்த இரண்டு வார்த்தைகள்தான் காலை வாரிவிட்டன. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஹைப்பர், அதற்கு ஒரு வைத்தியம். குறைந்தால் ஹைப்போ, அதற்கு வேறு வைத்தியம். மாற்றிச் செய்தால் நோயாளிக்கு ஆபத்து.

எங்கள் டீச்சர் செய்வதையே நானும் செய்து பார்த்தேன். “பக்கம் முழுக்க எழுதும்மா” என்றேன். அம்மா சமர்த்தாக உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்ததும் கேட்டேன். மறுபடியும் மாற்றித்தான் சொன்னாள்.

“எனக்கெல்லாம் மண்டையில ஏறாதுடி. விட்டுரு.”

நோட்டை மூடும்போது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் தம்பி வாலு, சோபாவிலிருந்து தொபுக்கடீர் என்று குதித்தான். மறுபடி ஏறினான். மறுபடி குதித்தான். அதே சோபாவின் மறுமுனையில் அப்பா, இத்தனை ரகளையிலும் அசையாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“அம்மா, இனிமே இவன் பேரு ஹைப்பர். இவன்கிட்ட எல்லாமே ஜாஸ்தி! அப்ப, அப்பா பேரு?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஹைப்போ! எல்லாமே கம்மி!”

அன்று முழுக்க வீட்டில் அதே கூத்துதான்.

“டேய் ஹைப்பர், கீழ இறங்குடா!”

“ஏங்க ஹைப்போ, எந்திரிங்க, சாப்பிடலாம்!”

“யாரு அது ஹைப்போ?” என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் தேர்வு அறைக்கு வெளியே நாங்கள் மூவரும் காத்திருந்தோம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. எக்கி நின்று பார்த்தேன். பெரிய நர்ஸ் ஓர் அட்டையை நீட்டினார். அம்மா அதையே உற்றுப் பார்த்தாள்.

போச்சு! மறுபடியும் குழம்பிவிட்டாள் போல.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். “ஹைப்போன்னு போட்டிருந்துச்சுடி! கண்ண மூடினேன், உங்கப்பா குறட்டை விட்டாரு. சர்க்கரை கம்மி, நோயாளி முழிச்சிருந்தா உடனே ஜூஸ் குடுத்துட்டு நர்ஸைக் கூப்பிடணும்னு சொல்லிட்டேன். பாஸ்!”

“தூங்குறேன்னு எல்லாரும் திட்டுவீங்களே, இப்ப பாத்தீங்களா?” என்றார் அப்பா, கொட்டாவி விட்டபடி.

பஸ்ஸில் திரும்பும்போது வாலு அம்மாவின் மடியில் சுருண்டு தூங்கிவிட்டான். அம்மா அவன் தலையைக் கோதிக்கொண்டே என் காதருகே குனிந்தாள்.

“இப்ப இவன் ஹைப்போ. வீட்டுக்குப் போனதும் ஹைப்பர். சரிதானே, டீச்சரம்மா?”

“நூத்துக்கு நூறு” என்று சொல்லி, அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.