மூன்றாம் நாள் உபயம்

மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்க மாரியம்மன் கோயில் மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லை. தகரக் கூரையின் கீழ், மடிக்கணினியும் தானுமாக மாதவி உட்கார்ந்திருந்தாள். தொப்பலாக நனைந்த ஒருவன் ஓடிவந்து, அவள் எதிரே நின்று தலையை உதறினான். திரையில் நாலு துளி தெறித்தது.

"பாத்து லா…"

"சாரி… சாரி…" என்று கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அது அவனைவிட நனைந்திருந்தது. அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். இமையெல்லாம் மழைத்துளி. ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளமான இமை என்று மாதவிக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே எரிச்சலாக வந்தது.

பெயர் புனிதன் என்றான். கோலா கிளாவாங்கில் மருந்துக் கடை வைத்திருக்கிறானாம். கோயில் தலைவரைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வந்தானாம். யாரும் கேட்காமலே கொட்டித் தீர்த்தான். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையும் சாப்பாடும் ஒரு கூட்டத்தின் உபயம். ரப்பர் பால்மரக் காலத்திலிருந்தே முதல் நாள் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்களுக்கு, இரண்டாம் நாள் லாரிக்காரர்களுக்கு, மூன்றாம் நாள் புல்லு வெட்டுகிறவர்களுக்கு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நாள் மட்டும் மாறவில்லை. புல்லுவெட்டுக் கூட்டத்தில் இப்போது மிச்சம் அவன் அம்மா பஞ்சாலை ஒருத்திதான். இந்த வருஷம் புதிதாக வந்த கோயில் வெப்சைட்டில் அந்த மூன்றாம் நாளை யாரோ சிங்கப்பூர்க்காரர் பச்சை பட்டனை அமுக்கித் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

"எந்த மாங்கா மடையன் அத செஞ்சானோ தெரியல. முன்னுக்கு அமுக்குறவனுக்கு மூணாம் நாளாம். சாமி உபயம் என்னா, பஸ் டிக்கெட்டா?"

"மடையன் இல்ல, மடச்சி" என்றாள் மாதவி. "நான்தான்."

அவன் கையிலிருந்த ஈரக் கைக்குட்டையைப் பிழியத் தொடங்கினான்.

அவளுக்கும் ரோஷம் வந்தது. முதலில் வருகிறவருக்குக் கொடுப்பதுதானே நியாயம்? மூன்றாம் நாள் இன்னாருக்கு என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று கேட்டாள்.

"உங்க அம்மா பேர எழுதி வச்சுப் பாத்துதான் ஞாபகம் வச்சிருக்கீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டு, மழை விடுவதற்குள் இறங்கிப் போய்விட்டான். திமிர் பிடித்தவன் என்று வாய்விட்டே திட்டினாள். அப்புறம் ஏன் அவன் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்? கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்தக் கோயில் ஒலிபெருக்கி ஒயர்தான் அவளைக் கணினி வேலைக்குக் கொண்டுவந்தது. சின்னப் பிள்ளையில், மரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒயரைப் பிடித்துக்கொண்டே பால்மரக் காட்டுக்குள் நடந்தவள் அவள். ஒயர் முடிந்த இடத்தில் ஒரு பெட்டியும், அதில் ஒரு சிவப்பு விளக்கும், பக்கத்தில் குறட்டை விட்டபடி ரேடியோ செட்டு ஆறுமுகமும் இருந்தார்கள். ஒயர் போகாத ஊருக்குப் பாட்டு எப்படிப் போகும் என்று அவரை எழுப்பிக் கேட்டாள். போகாது, பேசாம போ என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் குடும்பம் அம்பாங்கானுக்குப் போனது. பள்ளிக் கணினியைக் குடைந்து, கல்லூரியில் குடைந்து, இன்று கோலாலம்பூரில் பெரிய பெரிய வெப்சைட்டுகளைக் கட்டுகிறாள். சிதறிப்போன தோட்டத்து ஜனங்களுக்காக ஆசையாகக் கட்டிக்கொடுத்தது இந்தக் கோயில் வெப்சைட். அதைப் போய் பஸ் டிக்கெட் என்கிறானே…

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். அப்பா சுகுமாறன்தான் கோயில் தலைவர். "மூணாம் நாளு புல்லுவெட்டுக்காரங்களோடதுதான். அது எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

"எனக்குச் சொல்லலையேப்பா."

"தெரிஞ்சத எதுக்குச் சொல்லணும்?"

ஆனால், என் மகள் செய்ததில் தப்பே வராது என்று கமிட்டிக் கூட்டத்தில் மார்தட்டியிருந்தார் மனிதர். இப்போது மாற்றினால் மானம் போய்விடுமாம். விட்டுவிடு என்றார். விட்டிருக்கலாம். ஆனால் வெப்சைட்டின் புகார்ப் பெட்டியில் தினமும் அவன் எழுதினான். அம்மா இன்றும் அரை இட்லிதான். உங்கள் நியாயம் சுகமா?

அவளால் தாங்க முடியவில்லை. நாளை எடுத்த சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு போன் செய்தாள். "காலியா இருக்குன்னு காட்டுச்சு, அதான் அமுக்குனோம். பஞ்சாலை அக்கா நாளுன்னு தெரிஞ்சா தொட்டிருப்போமா?" என்று அவர்கள் பதறிப்போய் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, கேட்காமல் செய்துவிட்டேன் என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எழுதுகிறவன் நிறுத்தவில்லை. பச்சை பட்டன் கண்ணை உறுத்துகிறது. அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். இங்கே மழை… அங்கே? அவள் தனியாகச் சிரித்தாள். பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டியில் விழுவதெல்லாம் அப்பாவின் கைபேசிக்கும் போகும்! 'இங்கே மழை, அங்கே' என்று கமிட்டியில் சத்தமாகப் படித்துவிட்டு, "யாரு லா இவன்?" என்று கேட்டாராம். வெட்கமும் கோபமுமாக அவள் பதில் எழுதினாள். கோயில் விஷயம் தவிர வேறு எதுவும் இங்கே எழுத வேண்டாம்.

அதோடு நின்றுவிட்டது.

நிற்கத்தானே எழுதினாள்? அப்புறம் ஏன் வேலை நடுவில் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாள்? மழை பெய்தால் ஏன் கோலா கிளாவாங் நினைப்பு வருகிறது? கணினி தப்பு செய்தால் எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிடுவாள். இது எந்த வரி என்றே புரியவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. வெளியூர் ஜனங்களுக்காக மாதவி தூணோரம் நின்று கைபேசியில் பூசையை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலையில் பஞ்சாலை. பக்கத்தில் வேட்டி கட்டிய புனிதன். அவன் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுதாதே என்றால் பார்க்கவும் கூடாதா? அழுகை முட்டியது.

பூசாரி ஒரு கையில் தட்டும் மறு கையில் மைக்குமாக வந்தார். "உபயக்காரங்க வீட்டுப் பேரு, நட்சத்திரம் சொல்லுங்க."

"பஞ்சாலை, ரோகிணி. புனிதன், திருவோணம்" என்றாள் பஞ்சாலை. சொல்லிவிட்டு மகனைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் பூசாரி.

"இன்னொரு பேரு இருக்கு சாமி" என்றான் புனிதன். "மாதவி."

மாதவியின் கைபேசி கீழே சாய்ந்தது. சிங்கப்பூரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோயில் தரைதான் தெரிந்திருக்கும். அவன் நேராக அவளிடம் வந்தான். நெற்றி வேர்த்திருந்தது.

"நட்சத்திரம் தெரியல. பெட்டியில கேக்கலாம்னா, கோயில் விஷயம் மட்டும் எழுதுன்னு சொல்லிட்டீங்க. அதான் கோயில்லயே வந்து கேக்குறேன்…" குரல் இறங்கியது. "உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன். வேணாம்னா சொல்லிருங்க, இனிமே கச்சாவ் பண்ண மாட்டேன், ஒரு தொந்தரவும் இருக்காது."

மாதவி அப்பாவைத் தேடினாள். அவர் எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தார். "பூசாரிய நிக்க வைக்காத லா" என்றார், திரும்பாமலே.

இத்தனை நாள் குழம்பியதெல்லாம் அந்த ஒரு நொடியில் தெளிந்துவிட்டது.

"சுவாதி" என்றாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. "எழுத வேணாம்னு எழுதிட்டு… தெனம் அந்தப் பெட்டியத் தொறந்து பாத்துக்கிட்டுதாங்க இருந்தேன். உங்களக் காணோம்னுதான்."

பஞ்சாலை அவள் கையைப் பிடித்து இழுத்து, மகன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பூசாரி மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். மாதவி, சுவாதி நட்சத்திரம் என்று குழாய் ரேடியோ செம்பனைக் காடு முழுக்கச் சொன்னது. அவள் கையில் இருந்த கைபேசி, ஒயர் போகாத ஊர்களுக்கெல்லாம் சொன்னது.