கரையாத செம்மண்

சரோஜினிதேவி செருப்பு இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"மூண்டு வருசம், ஐயா. எத்தினை தரம் கழுவியும் இந்த மண் கரையேல்லை."

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், கடுகண்ணாவைக் கணவாயில், அவளுடைய கணவர் தேவராசாவைக் காடையர் கும்பல் வெட்டித் தூக்கிப் போனதாகச் சொன்னவர் ராஜலிங்கம். காரீயச் சுரங்கத்தில் தேவராசாவின் பங்காளி. உடல் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, தெருவோரச் சேற்றில் கிடந்ததென்று இந்தச் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எதிர்ப்பட்ட சிங்கள முகங்களையெல்லாம் அவள் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள்.

துப்பறிவாளர் திருச்செல்வம் செருப்பின் செம்பழுப்புப் படிவை நகத்தால் சுரண்டித் தேய்த்தார். "தெருமண் எண்டால் நறநறக்கும். இது மாப்போலக் கிடக்கு. றம்ஸியா, நுணுக்குக்காட்டியிலை வச்சுப் பாரும்."

மடவளையைச் சேர்ந்த அவருடைய உதவியாளர் றம்ஸியா குனிந்து வில்லையில் கண் வைத்துப் பார்த்துத் துள்ளி எழுந்தாள். "சேர், இது மண்ணே இல்ல! முறுக்கின நூல் மாதிரி நிறையக் கெடக்கு!"

"கிருமி. பாறைக்குள்ளையிருந்து கசியிற தண்ணியிலை கரைஞ்ச இரும்பைத் திண்டு, துருவைக் கக்கும். வெயில் வேண்டாம், காத்தும் கொஞ்சம் போதும். வேறை உயிர் தங்காத இருட்டிலை சில நாளிலேயே படை படையாப் படிஞ்சிடும்." அவர் நிமிர்ந்தார். "வெயில் காயிற தெருவிலை இது இப்பிடிப் படியாது, தங்கச்சி. சுரங்கப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கு?"

"எங்களிட்டை ஒண்டு. ராஜலிங்கத்திட்டை மற்றது." சொல்லிவிட்டு அவள் செருப்பைத் திரும்பப் பார்த்தாள்.

சுரங்கத்தை வாங்க ஆள் வந்திருப்பதாகச் சரோஜினிதேவி சொல்லி அழைத்ததால், மறுநாள் ராஜலிங்கம் சுரங்க வாசலுக்குச் சிரித்தபடியே வந்தார்.

"கலவரத்துக்கு முந்திப் பூட்டினது. பிறகு ஒருத்தரும் உள்ளை போகேல்லை."

உள்ளே, கசியும் பாறையின் அடியில் அதே செம்பழுப்புச் சளி. திருச்செல்வம் டோர்ச்சை அதன்மேல் பிடித்தார். "நீங்கள் தெருவிலை எடுத்த செருப்பிலை இருக்கிறது இதுதான். பூட்டின சுரங்கத்துக்குள்ளை தேவராசா எப்பிடி வந்தவர்?"

ராஜலிங்கத்தின் பார்வை சுரங்கத்தின் மூலையிலிருந்த கற்குவியலுக்கு ஓடி மீண்டது.

"அந்தக் கல்லுகளைப் புரட்டுவமோ?" என்றார் திருச்செல்வம்.

ராஜலிங்கம் கற்குவியலை மறித்து நின்று கை கூப்பினார். "சுரங்கம் முழுக்க எனக்கே வேணுமெண்டு... கலவரத்துக்குள்ளை ஆர் கேக்கப்போயினம் எண்டு நினைச்சன், அக்கா."

றம்ஸியா பொலிசுக்கு ஓடினாள். திருச்செல்வத்தோடு வெளியே வந்ததும் சரோஜினிதேவி இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். உள்ளே ராஜலிங்கம் கதறினார்.

"தங்கச்சி, சட்டம் இருக்கு. திறப்பைத் தாங்கோ."

"கலவரத்தண்டு என்ரை பிள்ளையளை ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினது பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி. மூண்டு வருசமா நான் அவவின்ரை முகத்தைப் பாக்கேல்லை, ஐயா. இவன் என்னை ஆரையெல்லாம் வெறுக்க வச்சிட்டான்!"

திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவள் வாசல் கல்லில் அமர்ந்தாள்.

"அவசரமில்லை, பொலிஸ் ஆறுதலா வரட்டும். அதுவரைக்கும் கல்லுக்குள்ளை கிடக்கிற அவரோடை இருக்கட்டும் இவன், இருட்டிலை."