மூன்று ஸ்பூன்

மதிய வேளை. ஆராய்ச்சிக் கட்டடத்தின் மாதிரி அறையில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. சுவர் முழுக்க ஜாடிகள். நடுவே டாக்டர் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். அங்கே மட்டும்தான் ஏசி ஒழுங்காக ஓடுமாம்.

என் மனைவியின் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்தவர் அவர். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றிய ஆராய்ச்சி. வெட்டிய துண்டைச் சோதித்தபோதுதான் புற்றுநோய் தெரிந்தது. அதற்குள் பரவியிருந்தது.

சாகும்வரை பசிக்கிறது என்றாள். ஒரு வேளைக்கு மூன்று ஸ்பூன் கஞ்சிதான், அதற்கு மேல் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. “என்னங்க, இன்னும் ஒரே ஒரு ஸ்பூன்” என்பாள். டாக்டர் சிரிப்பார். “பசி சுரக்கிற பாகத்தையே எடுத்தாச்சு. அப்புறம் எங்கேம்மா பசிக்கும்?”

அவளைப் புதைத்த பிறகும் வீட்டில் அந்தக் குரல் ஓயவில்லை. இங்கே ஜாடியில் இருக்கும் துண்டையும் அவளோடு சேர்த்துவிட்டால் அடங்குவாள் என்று நினைத்தேன்.

“அவளோட ஜாடியைக் கொடுத்துடுங்க சார்.”

“இது என்ன அடகுக் கடையா, வந்து மீட்டுட்டுப் போறதுக்கு? இப்படி ஒரு துண்டு கிடைக்கிறதே அபூர்வம். கிளம்புங்க.”

வயிறு உறுமியது.

“சாப்பிடாம வந்து சண்டை போடுறீங்களாக்கும்?”

“என் வயிறு இல்ல சார்.”

மறுபடியும் உறுமல். நீளமாக.

அலமாரியிலிருந்து.

டாக்டர் காதில் விழாதவர் போல டிபன் பாக்ஸைத் திறந்தார்.

காலி. கழுவி வைத்ததுபோல் காலி.

இருவரும் அவள் ஜாடியைப் பார்த்தோம். மூடியின் சீல் உடையவில்லை. உள்ளே சாம்பல் நிறத் துண்டைச் சுற்றிச் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன.

“எடுத்துட்டுப் போய்த் தொலைங்க” என்று கிசுகிசுத்தார்.

அவரே ஜாடியை எடுத்து நீட்டியபோது சீல் விட்டு மூடி நெகிழ்ந்து அவர் விரல்கள் நனைந்தன. அந்த விரல்களை மெதுவாக வாயில் வைத்துச் சப்பினார். அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலமே ஜாடியை அவள் பக்கத்தில் புதைத்தேன். வீடு அமைதியானது. வெகுநாள் கழித்துத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் டாக்டரின் எண்ணிலிருந்து போன். பாத்திரத்தின் அடியை ஸ்பூன் சுரண்டும் சத்தம்.

“சார்?”

சுரண்டல் நின்றது.

டாக்டரின் கனத்த குரலேதான்.

“என்னங்க… இன்னும் ஒரே ஒரு ஸ்பூன்.”