நெத்திலி வாசமடிக்கும் வானம்

வானத்தின் விலை மூவாயிரம் ரூபாய்.

அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘வானம்’. கீழே ‘ரூ. 3000’. மேரிசெல்வி அதை ஒரு முறை படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். உப்புக் கிடங்கின் ஓட்டுக்கூரைதான் தெரிந்தது. ஓட்டு இடுக்குகளில் நுழைந்த வெயில், தூசியில் நீள நீளமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி மேசையைப் பார்த்தாள். அட்டைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு மரப்பெட்டி. செங்கல் அளவு இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் அக்கா, கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, வானம் எங்க இருக்குது?”

“பெட்டிக்குள்ள.”

“தொறந்து காட்டுங்க.”

“தொறக்க முடியல.”

மேரிசெல்விக்குப் பதினொரு வயது. அவள் அம்மா மரக்காணம் சந்தையில் கருவாடு விற்கிறவர். தவழும் வயதிலிருந்தே தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை அவள். பேரம் பேசாமல் அவள் வாங்கிக்கொண்டது இதுவரை தடுப்பூசி ஒன்றுதான்.

“சரக்கைக் காட்டாம மூவாயிரம் சொன்னா எப்படிக்கா? எங்க அம்மாவே கூடையத் தொறந்துட்டுத்தான் வெல சொல்லும்.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று அந்தப் பழைய கிடங்கில் மரவேலைக்காரர்கள் கூடியிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. மின்சாரத்தில் ஓடும் கருவி எதுவும் உள்ளே வரக் கூடாது. உளி, ரம்பம், இழைப்புளி, அப்புறம் அவரவர் கை. அவ்வளவுதான். அதனால் அத்தனை பேர் வேலை செய்தும் கிடங்கு இரைச்சலாக இல்லை. ஸ்ர்ர்ர், ஸ்ர்ர்ர் என்று இழைப்புளிகள் ஓடும் சத்தம், தூக்கத்தில் கேட்கும் அலை மாதிரி இருந்தது.

மேரிசெல்வியின் அப்பா ஆரோக்கியராஜ், தன் சின்ன லோடு வண்டியில் குயிலாப்பாளையத்திலிருந்து மேசைகளை ஏற்றி வந்திருந்தார். சாயங்காலம் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் வண்டியில் தொற்றிக்கொண்டாள்.

அக்காவின் பெயர் சத்யப்ரியா. ஊர் தர்மபுரி.

“இதுல ஆணியே கெடையாது. மூடி இந்தப் பள்ளத்துல வழுக்கிட்டு வரணும். எங்க ஊர்ல வெண்ணெய் மாதிரி வந்துச்சு. மூணு நாள் முன்னாடியே வந்து, இந்தக் கெடங்குலயே வெச்சிருந்தேன். கடல் காத்து, தரையெல்லாம் உப்பு ஈரம். எல்லாத்தையும் குடிச்சிட்டு மரம் உப்பிடுச்சு.”

“இப்ப என்னா பண்ணுவீங்க?”

“தெரியல. சாயங்காலம் பெரிய ஆளுங்க எல்லாம் மேசை மேசையா வருவாங்க. புதுசா வந்தவங்க செஞ்சத கையில எடுத்துப் பாப்பாங்க. பிடிச்சுதுன்னா, இனிமே அவங்க வரிசையில எனக்கும் ஒரு மேசை. நான் ஒரு ஃபேக்டரியில பலகை அறுக்கிறேன். மெஷின்ல. லீவு போட்டுட்டு இதுக்காகத்தான் வந்தேன்.” சத்யப்ரியா பெட்டியை லேசாகத் தட்டினாள். “தொறக்காத பெட்டியக் காட்டி என்ன சொல்றது? மரக்கட்டைன்னுதான் நெனைப்பாங்க.”

“உள்ள என்னதான் இருக்குது?”

“அதச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? பாக்கணும்.”

“யாராவது ஒடச்சித் தொறக்கச் சொன்னாங்களா?”

“ஓரத்துல அறுத்துடலாம்னு சொன்னாங்க. அறுத்தா அது பெட்டியா இருக்காது, கண்ணு.”

மேரிசெல்வி பெட்டியைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். விரலால் தட்டிக் கேட்டாள். சந்தையில் அம்மா செய்வதெல்லாம் அப்படியே வந்தது.

“மழ மாசத்துக் கருவாடு மாதிரி இருக்குது. காய வெச்சா சரியாப் போவும்.”

“வெயில்ல வெச்சா வெடிச்சிடும்.”

“நேர் வெயில்ல யாரு வெக்கச் சொன்னாங்க? கருவாட்டையும் நேரா போட்டா மேல முறுகிடும், உள்ள ஈரம் நின்னுடும். எங்க அம்மா, அப்பாவோட வண்டிக்குள்ள வெக்கும். கண்ணாடிய ஏத்திட்டு, சாக்கு சுத்தி வெச்சிடணும். வண்டிக்குள்ள அடுப்பு மாதிரி ஆயிடும். ஆனா, அடிக்கடி திருப்பிப் போடணும்.”

சத்யப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பலகையும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் காஞ்சா வளைஞ்சுக்கும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கடையில் வேலை பார்த்தவர்கள் போல.

“சரி, உனக்குக் கூலி எவ்வளவு?”

“தொறந்ததும் மொதல்ல நான்தான் பாக்கணும். பெரிய ஆளுங்க எல்லாம் அப்புறம்.”

“அவ்வளவுதானா? சரி.”

எதிராளி அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால், இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்று வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றும். தோன்றியது. ஆனால் பேசின பேச்சு பேசினதுதான்.

வண்டி பூவரச மரத்தின் நிழலில் நின்றது. ஆரோக்கியராஜ் சீட்டில் படுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தார்.

“ப்பா, எழுந்திரு. வண்டிய வெயில்ல நிறுத்தணும்.”

“ஏம்மா, வெயில்ல நிக்கிற வண்டியத்தான் நெழலுக்குக் கொண்டாரச் சொல்லுவாங்க. நீ தலைகீழா சொல்றியே.”

“ஒரு பெட்டி காய வெக்கணும்.”

“அப்ப நான் எங்க தூங்குறது?”

“மரத்தடியில. தார்ப்பாய விரிச்சுத் தர்றேன்.”

“அதெல்லாம் முடியாது, போ.”

“காலையில டீக்கடையில ஜாங்கிரி ரெண்டு. டாக்டர் இனிப்பே கூடாதுன்னாரு. நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லல.”

ஆரோக்கியராஜ் எழுந்து உட்கார்ந்தார். “ஒண்ணுதான் தின்னேன்.”

“ரெண்டு. ரெண்டாவத பிச்சுப் பிச்சுத் தின்ன. அதனால அது கணக்குல வராமப் போயிடாது.”

வண்டி வெயிலுக்கு வந்தது.

வண்டியில் இருந்தது ஒரே ஒரு சாக்குதான். அதில்தான் அம்மா நெத்திலி கட்டுவார். மேரிசெல்வி அதை நன்றாக உதறி, பெட்டியைச் சுற்றி, சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவ்வப்போது வந்து திருப்பிவிட்டால் போதும். நடுவில் அவளுக்கு வேறு வேலை இல்லை. கிடங்குக்குள் திரிந்தாள்.

ஒருவர் கரண்டி குடைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டு, கோத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மேரிசெல்வியால் முடியவில்லை. கண்ணை மூடி விரலால் தடவியும் முடியவில்லை.

தட்சணாமூர்த்தி என்பவர் இழைப்புளியே செய்கிறவர். அன்று வந்தவர்களில் எல்லோருக்கும் மூத்தவர். அவர் பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தபடியே இழைத்தார். இழைப்புளியின் வாயிலிருந்து மரச்சுருள் வந்துகொண்டே இருந்தது. வெங்காயத் தோலைவிட மெல்லியது. அறுந்ததும் அது கீழே விழவில்லை. கடல் காற்றில் மெதுவாக மிதந்து, மேரிசெல்வியின் தோளில் வந்து உட்கார்ந்தது.

“தாத்தா, இது எவ்ளோ?”

“அது குப்பைம்மா. எடுத்துக்க.”

மேரிசெல்வி ஓரடி பின்வாங்கினாள். சும்மா கிடைக்கும் சரக்கில் என்ன கோளாறு இருக்கும் என்று யோசித்தாள்.

“குப்பைன்னா எதுக்கு இவ்ளோ பாத்துப் பாத்துச் சீவுறீங்க?”

“பலகைய வழவழன்னு ஆக்கத்தான்.”

“பலகைய விட குப்பைதான் நல்லா இருக்குது.”

தட்சணாமூர்த்தி பலகையைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

மேரிசெல்வி சுருளைப் பிரித்து, கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அதன் வழியே பார்த்தால், வெளியே உப்பளம் முழுவதும் தேன் நிறமாக மாறியிருந்தது. வெள்ளைக் குவியல்களெல்லாம் வெல்லக் குவியல்கள் ஆகிவிட்டன. பாத்திகளில் நின்ற தண்ணீரில் மேகங்கள் தலைகீழாக ஊர்ந்தன. பலகையால் உப்பை வாருகிறவர்கள் தரையில் நடக்கிறார்களா, மேகத்தின் மேல் நடக்கிறார்களா என்று தெரியவில்லை. அவள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, அவளுக்கே தெரியாது.

திடீரென்று பெட்டி நினைவு வந்து ஓடினாள். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பெட்டியை எடுத்துத் திருப்பினாள்.

கிலுக்.

மறுபடி திருப்பினாள். கிலுக். உள்ளே ஏதோ உருண்டது. இதற்கு முன் உருளவில்லை.

மேரிசெல்வி பெட்டியை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். அப்பா மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பேசாமல் வைத்துவிடலாம்.

ஆனால் அம்மா, கூடையில் ஒடிந்த மீன் இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். ‘இது ஒடிஞ்சது, மத்தது நல்லது’ என்பார். அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்பட்டுக் கூடையைக் கிளறுவதில்லை. அம்மாவுக்கும் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“அக்கா, உள்ள ஏதோ கழண்டுடுச்சு. சூட்டுல ஆயிருக்கும். நான்தான் ரொம்ப நேரம் விட்டுட்டேன்.”

சத்யப்ரியா பெட்டியை அசைத்துக் கேட்டாள். முகம் வெளுத்தது. பெட்டியை மெல்ல மேசையில் வைத்தாள்.

“உன் மேல தப்பில்ல, கண்ணு. உள்ள நட்சத்திரம் இருக்கு. சங்கைத் தேய்ச்சு இருபத்தேழு நட்சத்திரம் செஞ்சு பதிச்சேன். வஜ்ரப் பசை போட்டு ஒட்டினது. சூடு பட்டா அது இளகும். எனக்குத்தான் ஞாபகம் வந்திருக்கணும்.”

மேரிசெல்வி பெட்டியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சாய்த்தாள்.

“ஒண்ணுதான் உருளுதுக்கா. மத்ததெல்லாம் அப்படியே நிக்குது.”

“மூடி இன்னும் வரலியே. மறுபடி வெச்சா மத்ததும் விழுந்துடும்.”

“சீட்டு மேல வேணாம். கீழ, கால் வெக்கிற எடத்துல வெக்கிறேன். அங்க சூடு கம்மி. கண்ணாடியும் கொஞ்சம் எறக்கிவிடுறேன். இந்தத் தடவ நகராம பக்கத்துலயே இருக்கேன்.”

சொன்னபடியே இருந்தாள். வெயில் சாய்ந்து, வண்டியின் நிழல் நீண்டு அப்பாவின் காலைத் தொட்டபோது, உள்ளிருந்து சத்யப்ரியா கையசைத்துக் கூப்பிட்டாள். பெரியவர்கள் மேசைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார்கள். கடைசி மேசைக்கு வந்ததும் தட்சணாமூர்த்தி மூக்கைச் சுருக்கினார்.

“என்னம்மா இது, நெத்திலி வாசம் வருது?”

“சாக்கு எங்களுதுங்க” என்றாள் மேரிசெல்வி. “பெட்டி அவங்களுது.”

சத்யப்ரியா மூடியில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. விரல்கள் வேர்த்து வழுக்கின. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

மூடி நகர்ந்தது. உள்ளே அடைபட்டிருந்த காற்று மெல்ல வெளியே வந்தது, தூக்கத்தில் யாரோ மூச்சு விட்டது போல.

ஒரு விரல் அகலம் திறந்ததும் சத்யப்ரியா நிறுத்திவிட்டாள். “எனக்குப் பாக்க பயமா இருக்கு. நீ பாரு. பேசினபடி நீதான் மொதல்ல.”

தட்சணாமூர்த்தி உட்பட எல்லோரும் காத்து நின்றார்கள். மேரிசெல்வி மூடியை முழுவதும் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

உள்ளே ராத்திரி இருந்தது. அடி எங்கே என்றே தெரியாதபடி கருமரம் இழைக்கப்பட்டிருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக நட்சத்திரங்கள். கிடங்கு, கூட்டம், உப்பு வாசம் எல்லாம் எங்கோ போய்விட்டன. நடுக்கடலில் படகில் மல்லாந்து படுத்திருப்பது போல அவளுக்கு இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் சின்னக் குழி. அதிலிருந்து விழுந்த நட்சத்திரம் ஒரு மூலையில் கிடந்தது.

“இருக்குதுக்கா” என்றாள். “எல்லாம் இருக்குது.”

சத்யப்ரியா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முதல் வேலையாக, கிடந்த நட்சத்திரத்தை எடுத்து ஒளிக்கக் கையை விட்டாள்.

“எடுக்காதீங்கக்கா. இருங்க.”

மேரிசெல்வி பெட்டியை மெல்லச் சாய்த்தாள். நட்சத்திரம் மூலையை விட்டுக் கிளம்பியது. மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே, வழவழப்பான ராத்திரியின் மேல், ஒரே ஓட்டமாக ஓடி அந்தப் பக்கம் போய் நின்றது. கிலுக்.

“ஓடுற நட்சத்திரம்” என்றாள். “எல்லா வானத்துலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்ல.”

தட்சணாமூர்த்தி கையை நீட்டினார். வாங்கி, இப்படிச் சாய்த்தார். அப்படிச் சாய்த்தார். மறுபடியும் சாய்த்தார். பின்னால் நின்றவர், “ஐயா, எங்களுக்கும் குடுங்க” என்று கேட்ட பிறகுதான் விட்டார்.

“ஏம்மா, உன் மேசைய எதுக்கு ஓரத்துல போட்டிருக்க?” என்றார் சத்யப்ரியாவிடம். “எங்க பக்கம் இழுத்துப் போடு.”

சத்யப்ரியா மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். மேசையின் மறு முனையை மேரிசெல்விதான் பிடித்து இழுத்தாள்.

மேசை புது இடத்துக்கு வந்து நின்ற சூட்டிலேயே, சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பெட்டியை எடுத்தார். சாய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கைப்பையைத் திறந்தார், உடனே பாதி மூடினார்.

“ஒரு நட்சத்திரம் கழண்டு போச்சே. கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா?”

சத்யப்ரியா வாயைத் திறப்பதற்குள் மேரிசெல்வி முன்னால் வந்து நின்றாள்.

“கொறைஞ்சிருந்தாத்தானேம்மா கொறைக்கணும். நீங்களே எண்ணிக்கோங்க. நிக்கிறது இருபத்தாறு, ஓடுறது ஒண்ணு, ஆக மொத்தம் இருபத்தேழு, கணக்கு சரி. நெத்திலி வாசம் கொசுறு.”