கோடரிக்கு உரியவள்

இரண்டு பெட்டிகளையும் சாந்தகுமாரி தன் கையால்தான் மூடியிருந்தாள். வெண்கலக் கோடரி சன்னலோரப் பெட்டியில். எலும்பில் செதுக்கிய கொண்டை ஊசிகள் அலமாரிக்குள் இருந்த பெட்டியில். அடுப்படியில் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கோடரிப் பெட்டி திறந்திருந்தது. ஊசிகள் பதினொன்றும் கோடரியின் மேல் வரிசையாகக் கிடந்தன.

வீட்டில் வேறு யாரும் இல்லை. தின்கன்ஜூனில் மூன்று நாளாக விடாத மழை, பிற்பகலிலேயே அறை இருண்டு, சுவரெல்லாம் ஊறி, கீழ் வீட்டுப் பர்மியர்கள் வதக்கும் ஙப்பி மீன்விழுதின் வாடை படியேறி வந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசம். ஆழமாகக் குழி தோண்டும்போது கிளம்பும் பச்சை மண்ணின் வாசம்.

ஞாபகப் பிசகு என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஊசிகளை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

பழம்பொருட்களைத் துடைத்து, எந்தக் காலம், யாருடையது என்று சீட்டு எழுதுவது பதினாறு வருடமாக அவள் வேலை. சீட்டின் அடியில் இருப்பதோ, அவளைப் பர்மிய வழக்கில் ‘மா சாந்தா’ என்று கூப்பிடும் வியாபாரி சிவானந்தனின் பெயர். கண்டுபிடிப்பது இவள், மாலை விழுவது அவனுக்கு. சீன எல்லையைத் தாண்டி வந்த இந்தச் சரக்கோடு, கல்லறையைத் தோண்டியவர்கள் எடுத்த படமும் வந்திருந்தது. நடுவில் ஓர் எலும்புக்கூடு. அகன்ற இடுப்பெலும்பு, பெண்தான், சந்தேகமே இல்லை. தலைக்கடியில் ஊசிகள், வலது கைப்பக்கம் கோடரி, அதன்மேல் சரிந்த ஓர் ஊசி. அந்தக் காலத்துச் சீனத்தில் படை நடத்தியவர்களுக்கு, ஒரு சொல்லில் தலையை வாங்க முடிந்தவர்களுக்கு வைக்கிற கோடரி. அவள் காலடியில் எட்டுப் பேர். மண்டியிட்டபடி, குப்புற, தலையில்லாமல்.

சாந்தகுமாரி சிவானந்தனிடம் படத்தைக் காட்டத்தான் செய்தாள்.

"அண்ணே, ரெண்டும் ஒருத்தியோடதுதான். பாருங்க, ஒரு ஊசி கோடாலியோடயே ஒட்டிக் கெடக்கு."

"பேத்து எடுத்துரு, மா சாந்தா. கோடாலிய ராஜாவோடதுன்னு எழுது, ஊசிய ராணியோடதுன்னு தனியா எழுது. பொம்பள கோடாலிய எவன் வாங்குவான்?"

பேர்த்து எடுத்தாள். எழுதினாள். எழுதி முடித்ததும் ஆத்திரம் தாங்கவில்லை. கோடரியிடம் குனிந்து, "என் பேரையும் அந்தாளுதான் எடுத்துக்கிட்டான். நீயே வந்து கேளு," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அது நேற்று.

இப்போது மின்விளக்கு அணைந்தது. போன் அடித்தது. சிவானந்தன்.

"மா சாந்தா, சரக்க எடுக்க வந்தேன். படியில ஒரு பொம்பள நிக்குது. வழி விட மாட்டேங்குது. யாரு?"

"யாரும் இல்லையே அண்ணே."

"முடிய விரிச்சுப் போட்டுருக்கு. முடி படியெல்லாம் கெடக்கு. நான் மிதிச்சுட்டேன் போல..."

பேச்சு நின்றது. படியில் ஏதோ கனமாக விழுந்தது. அதை அடுத்து, சிறியதாக ஒன்று, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டிக் கீழே உருண்டது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள்.

சன்னலோரப் பெட்டியைப் பார்த்தாள். காலி. அலமாரியைத் திறந்தாள். காலி.

கதவுக்கு வெளியே ஈரமான ஏதோ தரையில் இழுபட்டது. நெருங்கியது. நின்றது.

சீட்டு. ‘ராஜாவின் கோடரி’ என்று. அவள் கையெழுத்தில்.

அதைக் கிழித்தாள். வேறு தாள். பென்சில்.

"உங்களோடதுதாம்மா. ரெண்டும் உங்களோடது. மாத்தி எழுதிர்றேன். அவருதான் எழுதச் சொன்னாரு."

தாழ்ப்பாள் தானாக விலகி, கதவு திறந்தது.

முதலில் தெரிந்தது சிவானந்தன். மேல்படியில், மண்டியிட்டபடி, குப்புற. லுங்கி நனைந்திருந்தது. சட்டைக் காலருக்கு மேலே ஒன்றும் இல்லை. அவனுக்குப் பக்கத்தில், நனைந்த தரையில், ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் ஈரமில்லாத இடம்.

அதற்குப் பின்னால் உயரமாக ஒருத்தி. கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். பதினொரு ஊசிகள். வலது கையில் கோடரி. அவளுக்கு அவசரமே இல்லை.

சாந்தகுமாரி ஓட நினைத்தாள். கால் முன்னே போனது.

ஓரடி. இன்னோரடி.

முட்டி மடங்கியது. நெற்றி தரையைத் தொட்டது.

அவள் பின்னலை ஒரு கை எடுத்து, பிடரியிலிருந்து மெல்ல ஒதுக்கிப் போட்டது.